வானத்திலேயே ஏவுகணை மாட்ட முடியுமா?
அருள்புரம் டீக்கடையில் நிற்கிறோம். தலைக்கு மேலே சூலூர் தேஜஸ் சத்தம். பனியன் கம்பெனி நண்பர் கேட்டார்: "பறக்கும்போதே எரிபொருள் நிரப்புறாங்கல்ல, ஏவுகணையையும் மாட்டிவிடலாமே ப்ரோ?"

நியாயமான கேள்விதான். 2018 செப்டம்பர் 10-ல் ஐ.எல்-78 டேங்கர் விமானம் 20,000 அடி உயரத்தில் தேஜஸுக்கு 1,900 கிலோ எரிபொருள் கொடுத்தது. ஆனால் எரிபொருள் திரவம். குழாய் கொஞ்சம் ஆடினாலும் உள்ளே போய்விடும். ஆர்-73 ஏவுகணை ஒன்றே 105 கிலோ. அதை இறக்கைக்கு அடியில் பொருத்தி, மின் இணைப்பு கொடுத்து, சோதித்து, பாதுகாப்பு பின்னை உருவணும். மணிக்கு 500 கி.மீ. வேகத்துல அடிக்கிற காற்றில் இதை யார் செய்வது? ஒருமுறை இறக்கையில் இடித்தால் இரண்டு விமானமும் காலி.

உள்ளே ஆள் நடமாட இடமிருந்தால் கதை வேறு. அமெரிக்காவின் ஏசி-130-ல் வீரர்களே 105 மி.மீ. பீரங்கிக்குக் கையால் குண்டு போடுகிறார்கள். தேஜஸில் பைலட் உட்காரவே இடம் மட்டுமட்டு.

என்னைக் கேட்டால், நமக்குத் தேவை டேங்கர். எரிபொருளைக் குறைச்சு, ஆயுதத்தை நிறைய மாட்டிக் கிளம்பி, மேலே போய் டேங்க்கை நிரப்பிக்கலாம். ஆனால் 2003-ல் தொடங்கி நம் விமானப்படை வாங்கிய ஐ.எல்-78 வெறும் 6 தான். முதல்ல அதைக் கூட்டுங்க.