நாற்பத்தொரு போட்டோவும், நாம் பார்க்காத பத்து வரியும்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் தள்ளிவிட்டு ரீல்ஸ் பார்க்கப் போய்விடாதீர்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் ஒன்று அனுப்பினான். "எம்.எல்.ஏ. அவர்களின் இம்மாத மக்கள் பணிகள்" என்று தலைப்பு. மொத்தம் 41 போட்டோ. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மை, "சூப்பர் அண்ணா", "மக்களின் முதல்வர் நீங்கதான்". அப்படிப் போட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் அ, ஆ எழுதப் பழகியவர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். எந்த எம்.எல்.ஏ., எந்தக் கட்சி என்று யாரும் கேட்க வேண்டாம். ஆட்சி மாறினாலும் இந்தப் பதிவு மாறப்போவதில்லை. வேட்டிக் கரையின் நிறம் மாறும், அவ்வளவுதான்.

விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்காதே. எண்ணிப் பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து 14. துக்கம் விசாரித்தது 9. கோயில் திருவிழா, கும்பாபிஷேகம் 7. பூமி பூஜை 6. ரேஷன் கடை, நிழற்குடை திறப்பு 3. கட்சி மேலிடத்துக்குப் பிறந்தநாள் வாழ்த்து 2. கூட்டினால் 41 சரியாக வருகிறது. சட்டமன்றத்தில் இந்தத் தொகுதிக்காக என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பதற்கு ஒரு படமும் இல்லை, ஒரு வரியும் இல்லை.

கல்யாணத்துக்கு வருவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. துக்க வீட்டுக்கு வந்து நிற்கிறவரை நம் பக்கத்தில் எல்லோரும் மதிப்போம், நானும் மதிக்கிறேன். ஆனால் அது பழக்கவழக்கம். அதை "மக்கள் பணி" என்று கணக்கில் எழுதக்கூடாது. ரேங்க் கார்டில் கணக்கு, அறிவியல் கட்டத்தையெல்லாம் காலியாக விட்டுவிட்டு "நல்ல பையன், பெரியவர்களைக் கண்டால் வணங்குவான்" என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் உங்கள் அப்பா அம்மா என்னைச் சும்மா விட்டிருப்பார்களா?

சட்டமன்ற உறுப்பினர் என்ற பெயரிலேயே வேலை என்ன என்று இருக்கிறது. மொத்தம் 234 பேர். 2025-26 பட்ஜெட்டில் அரசு திட்டமிட்ட செலவு 4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு துறை மானியக் கோரிக்கையும் இவர்கள் ஒப்புக்கொண்டால்தான் நிறைவேறும். பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, மலைச்சாலைக்கு எவ்வளவு என்று கேள்வி கேட்கிற உரிமை நமக்கு நேரடியாக இல்லை, அவருக்கு இருக்கிறது. நம் சார்பில் அதைக் கேட்கத்தான் அவரைச் சென்னைக்கு அனுப்பினோம். 2021 தேர்தலில் வென்ற கட்சி தந்த வாக்குறுதி, சட்டமன்றத்தை ஆண்டுக்கு 100 நாள் நடத்துவோம் என்று. 100 நாளின் பக்கத்தில்கூட எந்த ஆண்டும் வரவில்லை. முந்தைய ஆட்சியிலும் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. நடக்கிற சொற்ப நாளிலாவது நம்முடையவர் என்ன பேசினார் என்று யாராவது கமெண்டில் கேட்டீர்களா? நான் மேலும் கீழும் தேடிப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

நமக்கு எம்.எல்.ஏ. என்றால் தொகுதி மேம்பாட்டு நிதிதான். தண்ணீர்த் தொட்டி, நிழற்குடை, அதன் நெற்றியில் ஊர்ப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அவர் பெயர். அந்த நிதி எவ்வளவு தெரியுமா? ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நம் பக்கத்துத் தொகுதியில் சுமார் இரண்டரை லட்சம் வாக்காளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 120 ரூபாய் வருகிறது, அதுவும் ஒரு வருஷத்துக்கு. அவர் பையிலிருந்து வருவதல்ல, நாம் கட்டிய வரி. இன்ன வேலை செய்யலாம் என்று அவர் பரிந்துரைப்பார், ஒப்புதல் தருவது கலெக்டர். இந்த 120 ரூபாய்க்கு நன்றி சொல்லி ஃபிளெக்ஸ் வைக்கிறோம், 4 லட்சம் கோடியைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறோம்.

இனி பத்து வரி விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2022 மே 7ஆம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டத்தை 234 தொகுதிக்கும் விரிவாக்குவதாக அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் போனது. உங்கள் தொகுதியில் நீண்டநாளாக நிறைவேறாத முக்கியமான 10 கோரிக்கைகளை வரிசைப்படுத்தி 15 நாளில் கலெக்டரிடம் கொடுங்கள் என்று. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்களுக்கும் சேர்த்துத்தான். நல்ல யோசனை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்தையும் தேர்ந்தெடுத்தது யார்? இரண்டரை லட்சம் பேருடைய தேவையைப் பத்து வரியில் அடக்க வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஊர் ஊராகக் கேட்டிருக்க வேண்டாமா? எங்கள் ஊராட்சியில் யாரும் வந்து கேட்கவில்லை. கொடுத்த பிறகும் எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை. காதுகுத்துப் போட்டோவை அன்று மாலையே அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, பத்து வரியை வாட்ஸ்அப்பில் போடத் தெரியாதா?

2025இல் "உங்களுடன் ஸ்டாலின்" முகாம் நடந்தது. ஊரகப் பகுதியில் 15 துறை, 46 சேவை. அங்கே போய் மனு கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டா மாறுதல், உதவித்தொகை என்பது அவரவர் மனு. மலைக்குச் சாலை என்பது தனி ஆள் மனுவில் அடங்காது. அதற்குத்தான் அந்தப் பத்து வரி.

இது ஏன் எனக்கு இவ்வளவு வலிக்கிறது என்றால், அல்லேரி.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அமிர்தி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1967இல் தொடங்கிய மிருகக்காட்சி சாலையும் அருவியும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்து மான் பார்த்து, மீன் வறுவல் தின்றுவிட்டுப் போவார்கள். அதற்கு மேலே ஜவ்வாதுமலையில் ஊர்கள் இருக்கின்றன, அங்கும் மனிதர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் இறங்கினால் மலைப் பிள்ளைகள் பள்ளிக்கு வர மாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் நான் போட்ட "வ" குறைந்து "இ" கூடினால் மேலே மழை என்று அர்த்தம். அப்படித்தான் வருஷக்கணக்காக எனக்கு வானிலை தெரிந்தது.

அதே ஜவ்வாதுமலையில், அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில், 2023 மே மாதக் கடைசியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் ஊர்வரை போக முடியவில்லை. இறக்கி விட்ட இடத்திலிருந்து அந்தத் தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு பல கிலோமீட்டர் மலை ஏறினாள். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. அதன் பிறகுதான் அதிகாரிகள் மலை ஏறினார்கள், சாலை பற்றிப் பேச்சு நடந்தது.

பட்டியல் கேட்டது 2022 ஆகஸ்ட். குழந்தை செத்தது 2023 மே. நடுவில் ஒன்பது மாதம். அந்தப் பத்து வரியில் அல்லேரி சாலை இருந்ததா? இருந்தது என்றால் ஒன்பது மாதம் அந்தத் தாள் எந்த மேசையில் தூங்கியது? இல்லை என்றால் அதைவிட அவசரமாக இருந்த பத்து எவை? இந்தக் கேள்விக்குப் பதில் ஊராட்சி அலுவலகச் சுவரில் இருந்திருக்க வேண்டும். நம் முன்னால் வைக்காத வரிசைக்கு "முன்னுரிமை" என்று பெயர் வைக்க அவர்களுக்கு என்ன தைரியம்?

உடனே ஒருத்தன் சொல்வான், "டீச்சர், அது ஃபாரஸ்ட் இடம், எம்.எல்.ஏ. என்ன செய்வார்?" என்று. நல்ல கேள்வி. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2) படித்துப் பார். சாலை, பள்ளி, மருந்தகம், குடிநீர் மாதிரித் தேவைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். மூன்றரை மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் எவ்வளவு நீளம் வரும்? ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், கிட்டத்தட்ட 2,850 மீட்டர். எல்லா மலை ஊருக்கும் இது போதாது, நீளமான சாலைக்கு மேலே அனுமதி வாங்கத்தான் வேண்டும். ஆனால் முதல் வேலை நம் கையில் இருக்கிறது, அடுத்த வேலைக்குச் சென்னையில் குரல் கொடுக்க ஆள் இருக்கிறார். எங்கே தடை என்று சட்டமன்றத்தில் வனத்துறை மானியத்தின்போது எழுந்து நின்று கேட்க வேண்டியவர் அவர்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பாலாற்றுத் தண்ணீருக்காக 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது எந்த எம்.எல்.ஏ.வும் அல்ல, வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வு விவரம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. வழக்குரைஞர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பிறகு என்ன நடந்தது? 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், ஆற்றைச் சரிசெய்யுங்கள், அதற்குக் குழு போடுங்கள் என்று. இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1996இலிருந்து எண்ணினால் ஆறு சட்டமன்றத் தேர்தல். இரண்டு பெரிய கட்சியும் மாறி மாறி வந்தன. ஷூ கம்பெனியை மூடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என்னிடம் படித்த எத்தனையோ பெண்கள் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிப் போய்த்தான் வீட்டைக் காப்பாற்றுகிறார்கள், எனக்குத் தெரியாதா. அவர்கள் சம்பளமும் வேண்டும், அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் ஒரு பிரதிநிதியின் வேலை. கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை "மக்கள் பணி" பதிவில் யாராவது பார்த்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், சந்தோஷமாகப் பகிர்கிறேன்.

கிராம சபை என்றால் வாய்க்குள் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை ஐந்து வருஷம் வேலூர் மாவட்டத்து ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை. தனி அலுவலர்கள் ஓட்டினார்கள். அந்த ஐந்து வருஷத்தில் தெருவிளக்குக்குக்கூட யாரைக் கேட்பது என்று தெரியாமல் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நின்றோம். அப்போது பழகிய பழக்கம்தான், எல்லாவற்றுக்கும் "அண்ணன் செய்வார்". 2021 அக்டோபரில் தலைவர் வந்த பிறகும் பழக்கம் மட்டும் போகவில்லை.

வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் சட்டப்படி கம்பெனிகளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. அதனால் "எனக்கு ஷிஃப்ட் இருக்கு டீச்சர்" என்பது அன்றைக்குச் செல்லாது.

"பெரியம்மா, உங்களுக்கு எதற்கு இந்த வம்பு, பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்களேன்" என்று தங்கை மகள் போனில் சொன்னாள். கண்ணு, அந்தப் பென்ஷனும் அதே சட்டமன்றத்தில் ஒப்புதலான பணம்தான்.  தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் வீட்டுக்கு வருவார்கள், காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் நம் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15 அன்று மூன்று தீர்மானம் எழுதச் சொல்லப் போகிறேன். 2022இல் கலெக்டரிடம் கொடுத்த பத்துக் கோரிக்கையும், ஒவ்வொன்றும் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதும் ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும். தொகுதி நிதியில் ஐந்து வருஷம் எந்த ஊரில் என்ன வேலை, எவ்வளவு தொகை என்பது அதன் பக்கத்திலேயே வர வேண்டும். மூன்றாவது, மலை ஊர்களுக்குச் சாலை கேட்டு வன உரிமைச் சட்டப்படி பரிந்துரை. மலை மேல் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் அங்கே நடக்கும் கூட்டத்திலும் இதையே எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், மனு நானே எழுதித் தருகிறேன். என் கையெழுத்து உங்களுக்குப் புரியும்.

காலையில் கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் கலைந்துவிடாதீர்கள். கூட்டம் 11 மணிக்கு. முதலில் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதுகிறேன் என்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் மூன்றையும் எழுதி, ஒரு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுங்கள்.