தேக்கு நிழலில் இருவர்

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து செய்யும் பிரயாணம் என்றால், நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது ஏதேனும் ஒரு க்ஷேத்திரமாகவோ, உறவினர் வீட்டுக் கல்யாணமாகவோதான் இருக்கும். வனத்தையும் ஏரியையும் மட்டுமே உத்தேசித்து, கூடாரத்தில் இராத் தங்கும் எண்ணத்தோடு, தாமே காரை ஓட்டிக்கொண்டு தம்பதிகள் புறப்படுவது சமீப காலத்து வழக்கம். பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்ட பிறகு, வீட்டில் இருவராக எஞ்சிய நானும் என் மனைவியும் அந்த வழக்கத்தை மேற்கொண்டோம். குடும்ப பாரம் குறைந்த வயதில் ஒருவரையொருவர் மீண்டும் அறிந்துகொள்வதற்கு அதைவிட உத்தமமான மார்க்கம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இவ்வாரம் நான் எழுத விரும்புவது, அவ்வாறு நாங்கள் போய்வந்த இடங்களுள் என் சிந்தையை விட்டு நீங்காத பறம்பிக்குளத்தைப் பற்றி.

பறம்பிக்குளம் கேரள ராஜ்யத்தின் பாலக்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. ஆயினும் மோட்டாரில் அங்கே போகிறவர்கள் பொள்ளாச்சியைத் தொட்டு, தென்னந்தோப்புகளின் நடுவே ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் ஆகிய ஊர்களைக் கடந்து, சேத்துமடைச் சாவடியில் தமிழ்நாட்டு வனத்துறையினரிடம் அனுமதி பெற்று மலையேறி, டாப்ஸ்லிப்பையும் தாண்டித்தான் மீண்டும் கேரளத்தின் எல்லைக்குள் அடி வைக்கவேண்டும். ஆனைப்பாடியில் இருக்கும் சாவடியில் சீட்டு வாங்கியதும், அக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடியினர் ஒருவர் வழிகாட்டியாக நம்முடன் காரில் ஏறிக்கொள்கிறார். அவர் துணையில்லாமல் எந்த வாகனமும் உள்ளே போவதற்கில்லை. இந்த விதியைச் சிலர் தொந்தரவாகக் கருதுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த வழிகாட்டி இல்லாவிட்டால் நாங்கள் பார்த்தவற்றில் பாதியைக் கூடப் பார்த்திருக்கமாட்டோம் என்பதும், பார்த்தவற்றின் பொருள் எங்களுக்கு விளங்கியே இராது என்பதும் என் நிச்சயமான அபிப்பிராயம்.

டாப்ஸ்லிப்பில் பிரயாணிகள் யானைச் சவாரியை விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கே தேக்கு மரங்களின் நடுவே ஓர் ஆங்கிலேயரின் கல்லறை இருக்கிறது. அதன் அருகே சற்று நேரம் நிற்பது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் துறைக்கும், பின்னர் ரயில் பாதைகளுக்கும் வேண்டிய தேக்கை இந்த மலைகளில் வெட்டி, உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டு அடிவாரத்தில் சேகரித்தார்கள். இப்படி வெட்டி வெட்டி மலை மொட்டையாகிக்கொண்டிருந்த தருணத்தில், 1910களின் நடுவில், ஹியூகோ வுட் என்னும் வன அதிகாரி இங்கே வந்து சேர்ந்தார். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர் கிளம்பி மரமாகும்படி வெட்டும் முறையை மாற்றியமைத்ததும், வெற்றிடங்களில் புதிதாகத் தேக்கை வளர்த்ததும் அவருடைய தொண்டு. சட்டைப் பை நிறையத் தேக்கு விதைகளை எடுத்துக்கொண்டு, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குழி செய்து, குழிக்கு ஒரு விதையாக இட்டுக்கொண்டே நடப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். 1933இல் காலமான அவர், தாம் வளர்த்த மரங்களின் நடுவிலேயே தம்மை அடக்கம் செய்யும்படி விரும்பினார். தம் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறவர்கள் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் கருத்தில் லத்தீன் மொழியில் கல்லில் பொறித்திருக்கிறது. சுற்றிலும் பார்த்தோம், எங்கும் தேக்கே நின்றது.

ஆனைப்பாடியில் வனத்துறையினர் கூடாரங்களை அமைத்து வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நம்முடைய சொந்தக் கூடாரத்தை நினைத்த இடத்தில் அடித்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் போகிறவர்களுக்கு அங்கே இடமில்லை. யானையும் புலியும் கரடியும் நடமாடும் வனத்தில் அப்படித்தான் இருக்கவும் வேண்டும். கான்வாஸ் துணியின் ஒரு புறத்தில் நாம் படுத்திருக்க, மறுபுறத்தில் புள்ளிமான்கள் புல்லைக் கொறிக்கும் ஓசை காதில் விழுவது, சுவரும் ஜன்னலும் உள்ள அறைக்குள் ஒருநாளும் கிட்டாத அனுபவம். முதல் இரவு நடுச்சாமத்தில், ஓடைப் பக்கமிருந்து கடமான் ஒன்று கனத்த குரலில் விட்டுவிட்டுக் கத்திற்று. புலியோ சிறுத்தையோ நடமாடும் வாசனை பட்டால் அது அவ்வாறு எச்சரிக்கும் என்று வழிகாட்டி மாலையில்தான் சொல்லியிருந்தார். என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அந்தக் குரல் அடங்கும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள், வீட்டில் அவரவர் யோசனையில் மௌனமாக இருப்பதுண்டு. ஒரே ஓசைக்குச் செவி கொடுத்துச் சேர்ந்து மௌனமாக இருப்பது அபூர்வம். விடியற்காலையில் சீகாரப் பூங்குருவி சீழ்க்கையடிக்கத் தொடங்கியபோதுதான் எங்களுக்கு மீண்டும் கண் அயர்ந்தது.

இதே காட்டில் எங்களுக்கு வெகு காலம் முன்பே ஒரு தம்பதிகள் முகாமிட்டிருந்தார்கள் என்பதை நினைக்கையில் எனக்கு மிகுந்த உவகை உண்டாகிறது. பறவையியல் மேதை சாலிம் அலி 1933இல் திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கப் புறப்பட்டபோது, பறம்பிக்குளத்தை அடுத்த குரியார்குட்டியும் அவர் தங்கிய இடங்களுள் ஒன்று. அவருடன் மனைவி தெஹ்மினாவும் வந்திருந்தார். இங்கிலாந்தில் கல்வி பயின்று, நகர வாழ்வின் சகல சௌகரியங்களிலும் பழகிய அந்தப் பெண்மணி, சம்பளம் ஏதுமின்றிச் செலவுக்கு மட்டும் பணம் பெற்றுக்கொண்டு பறவைகளைத் தேடி அலைந்த கணவரோடு காடு காடாகச் சுற்றி, முகாம்களின் நிர்வாகத்தைத் தாமே ஏற்று நடத்தினார். அன்றைக்கு மோட்டார் பாதை ஏது? பறம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காக 1907இல் கொச்சி சமஸ்தானத்தார் தொடங்கிய டிராம் பாதை ஒன்று, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டை ஊடறுத்துச் சென்றது. செங்குத்தான சரிவுகளில், மரமேற்றிக் கீழே இறங்கும் வண்டிகளின் கனமே கயிற்றின் மறுமுனையிலிருந்த வண்டிகளை மேலே இழுக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். அந்தப் பாதை சுதந்திரத்துக்குப் பின் மூடப்பட்டுவிட்டது. தெஹ்மினா 1939இலேயே காலமாகிவிட்டார். அந்தக் கணக்கெடுப்பின் பலன் 1953இல் திருவாங்கூர், கொச்சிப் பறவைகளைப் பற்றிய நூலாக வெளிவந்தபோது அதைக் காண அவர் இல்லை. இருவர் சேர்ந்து காட்டில் கழித்த நாட்களின் கனி அந்த நூல் என்றே நான் கொள்கிறேன்.

மறுநாள் காலை வழிகாட்டியுடன் நடந்தோம். அவர் தேக்கங்கொழுந்து ஒன்றைக் கிள்ளி என் மனைவியிடம் கொடுத்து, "உள்ளங்கையில வெச்சுக் கசக்குங்க அம்மா" என்றார். பச்சையாக இருந்த அந்தக் கொழுந்து நாலைந்து தடவை தேய்த்ததும் இரத்தச் சிவப்பாகச் சாயமிட்டது. அவளுடைய கைரேகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே சிவந்து எழும்பி நின்றன. மரத்தில் முற்றியிருந்த இலைகளையோ புழுக்கள் அரித்து, நரம்புகளை மட்டும் விட்டுவைத்திருந்தன. ஓர் இலையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால், சல்லடைத் துணியின் வழியே பார்ப்பதுபோல அப்பால் இருந்த மரங்கள் தெரிந்தன. கன்னிமாரா என்று பெயர் வழங்கும் பெருந்தேக்கின் அடிக்கும் போனோம். சுமார் ஏழு மீட்டர் சுற்றளவும் 450 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதும் உடையதென்று கணித்திருக்கும் அந்த விருட்சத்தை வெட்ட முயன்றபோது இரத்தம் பீறிட்டது என்பதும், அதுமுதல் கோடாலி அதை அணுகவில்லை என்பதும் அங்குள்ள மக்களின் நம்பிக்கை. கொழுந்து கசக்கிய கையைச் சற்று முன்புதான் பார்த்திருந்த எனக்கு, அந்த நம்பிக்கை எங்கிருந்து முளைத்திருக்கக் கூடும் என்பது புலப்பட்டது.

ஏரிகளைப் பற்றிச் சொல்லவேண்டியதுதான் முக்கியம். தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், பறம்பிக்குளம் ஆகிய மூன்று ஜலாசயங்களும் வனத்தின் நடுவே விரிந்து கிடக்கின்றன. மாலை வெயிலில் கரையோரப் புல்வெளிக்குக் காட்டுமாடுகள் கூட்டமாக இறங்கி வருகின்றன. முழங்காலுக்குக் கீழே வெண்மையான கால்களும், மேலே கரிய பெருந்தேகமுமாக அவை தலை நிமிர்த்தாமல் மேய்கின்றன. நீர்நாய்க் குடும்பமொன்று கரைக்கும் நீருக்குமாக விளையாடிக்கொண்டிருந்தது. நீர் மட்டம் தாழ்ந்திருந்த ஒரு மூலையில், முன்னொரு காலத்தில் காடாக இருந்ததற்குச் சாட்சியாகக் கருத்த மரக்கட்டைகள் நீருக்கு மேலே தலை நீட்டி நின்றன. இத்தனை சௌந்தரியமும் இயற்கையன்னை தானே அளித்ததென்று பார்ப்பவர் எண்ணுவது சகஜம். இவை மூன்றும் அணை கட்டித் தேக்கிய நீர்நிலைகள்.

என் மனைவி வழிகாட்டியைப் பார்த்து, "தம்பி, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"இந்தக் காடுதானுங்க அம்மா. எங்க பாட்டன் இருந்த பதி அந்தத் தண்ணிக்கடியில இருக்குது" என்று அவர் ஏரியின் நடுப்பகுதியைச் சுட்டிக்காட்டினார். பதி என்பது அவர்களுடைய குடியிருப்பு. அவர் குரலில் கோபமோ புகாரோ இல்லை.

என் மனைவி பல்லடம் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவள். வானம் பார்த்த பூமியாகக் கிடந்த அந்தப் பிரதேசத்தில், எந்த மண்டலத்துக்கு எப்போது வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள் என்பதை எதிர்பார்த்தே என் மாமனார் தம் ஆயுளில் பெரும்பகுதி வெள்ளாமை செய்தார். அவள் வெகு நேரம் அந்த நீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க, எங்கப்பா தோட்டத்துக்கு வந்த தண்ணி இதுதானுங்களா?" என்றாள். ஆம் என்றேன்.

அது உண்மையே. பறம்பிக்குளத்து நீர் சுரங்கத்தின் வழியாகத் தூணக்கடவுக்கு வந்து, அங்கிருந்து சர்க்கார்பதி மின் நிலையத்தில் இறங்கி, மலையடிவாரத்தைச் சுற்றி ஓடும் கால்வாயின் மூலம் உடுமலைப் பக்கத்துத் திருமூர்த்தி அணையைச் சேர்ந்து, கொங்கு நாட்டின் வறண்ட வயல்களில் பாய்கிறது. மேற்கே அரபிக் கடலுக்குப் போக இருந்த நீரைக் கிழக்கே திருப்பிய இந்தப் பறம்பிக்குளம்-ஆழியாறு திட்டம், இரண்டு ராஜ்யங்களும் ஒத்துப்போனதால்தான் கைகூடியது. 1970ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தம், 1958 நவம்பர் 9 முதலே செல்லுபடியாகும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. பறம்பிக்குளம் அணையில் மட்டும் 17 டி.எம்.சி.க்கு மேல் தேக்கலாம். ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கர் நிலம் இத்திட்டத்தை நம்பியிருக்கிறது. காமராஜர் காலத்துத் தலைவர்களும் எஞ்சினியர்களும் சாதித்த அந்த மகத்தான காரியத்தால் சோறு உண்டவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஆகையால் அணையைக் குறை கூற எனக்கு வாய் வராது. குறை கூறுவது நியாயமும் அன்று.

ஆனால் நன்றி யாருக்குச் சொன்னோம்? தலைவர்களுக்குச் சிலை வைத்தோம். எஞ்சினியர்களின் பெயர்களைக் கல்வெட்டுகளில் பொறித்தோம். ஆற்றங்கரையில் காலங்காலமாகத் தேனும் கிழங்கும் சேகரித்து வாழ்ந்த காடர் குடிகள், நீர் ஏற ஏற மேட்டுக்கு நகர்ந்தார்கள். மலசரும் மலைமலசரும் முதுவரும் அவர்களோடு இன்றும் அவ்வனத்தில் வசிக்கிறார்கள். அவர்களுடைய வம்சத்தினரே இப்போது நமக்கு வழிகாட்டிகளாகவும், வனத்தின் காவலர்களாகவும், மூங்கில் தெப்பத்தைத் தள்ளிச் செல்பவர்களாகவும் இருக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் வந்தவன் ஒருவன், அதற்காக வீட்டை விட்டவன் வேறொருவன் என்பதைக் கரையில் நின்று நேரே பார்த்த பிறகு, அந்த ஏரியை வெறும் அழகாக மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை. அதனால் அதன் அழகு எனக்குக் குறையவும் இல்லை.

அன்பர்களே, மழை ஓய்ந்து பசுமை மாறாதிருக்கும் மாதங்களில், வனத்துறையில் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, துணைவியோடு அல்லது துணைவரோடு அங்கே போய்வாருங்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் அவசரப் பிரயாணம் வேண்டாம். இரண்டு இரவேனும் தங்குங்கள். பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோகாதீர்கள். கைப்பேசியில் பாட்டு வைக்காதீர்கள். வழிகாட்டியிடம் புலி எங்கே, யானை எங்கே என்று மட்டும் கேட்காமல், அவருடைய பாட்டனார் எங்கே இருந்தார் என்றும் கேளுங்கள். இரு மாநில அரசாங்கத்தாருக்கும் என் விண்ணப்பம் ஒன்று உண்டு: பறம்பிக்குளம் அணைக்கரையில், நீருக்குள் மறைந்த பதிகளின் பெயர்களை அந்த மக்களிடமே கேட்டறிந்து, தமிழிலும் மலையாளத்திலும் பொறித்து ஒரு கல் நாட்டுங்கள். அந்தப் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.