யந்திரம் வாங்குமுன் காற்றை உலர்த்துங்கள்

விவசாயக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் சங்கங்களிற் சில, பிளாஸ்மா வெட்டு யந்திரம் வாங்குவதற்குத் தீர்மானம் இயற்றி அனுப்புகின்றன. வாங்கலாம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் அத்தீர்மானங்களில் யந்திரத்தின் விலை மட்டுமே காணப்படுகிறது. அதை நிறுவவும் நடத்தவும் வேண்டியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதை நாம் ஏற்பதற்கில்லை.

இம்முறை 1950-களில் அமெரிக்காவில் உருவானது. அழுத்தப்பட்ட காற்றை மின்வில்லினூடே குறுகிய துளை வழியாகச் செலுத்தினால், அது ஏறக்குறைய 20,000 டிகிரி வெப்பமடைந்து உலோகத்தை உருக்கி ஊதித் தள்ளிவிடுகிறது. அசிட்டிலீன் சுடர் சாதாரண இரும்பைத்தான் செவ்வையாக வெட்டும். இதுவோ எவர்சில்வர், அலுமினியம், செம்பு ஆகியவற்றையும் வெட்டும். சிலிண்டருக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை, காற்றே போதும்.

அந்தக் காற்றில்தான் வில்லங்கமும் இருக்கிறது. அழுத்தும்போது காற்றிலுள்ள ஈரம் நீராகப் பிரிகிறது. அந்நீரும் கம்ப்ரசரின் எண்ணெயும் முனைக்குச் சென்றால், ஹாஃப்னியம் பதித்த எலெக்ட்ரோடும் செம்பு நாசில்லும் விரைவில் அரித்துப் போகின்றன, வெட்டும் கோணலாகிறது. நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் நாசில் வாங்கிய பில்கள் கற்றையாக இருந்தன. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றார்கள். காற்றுத் தொட்டியின் அடித்திருகைத் திறந்தபோது துருநிறத்தில் நீர் கொட்டியது! தினமும் அதைத் திறந்து வடித்திருந்தால், ஈரம் பிரிக்கும் வடிகட்டி ஒன்றையும் வைத்திருந்தால், அங்கத்தினர் பணம் அவ்வாறு கரைந்திராது.

பெரிய ஆம்பியர் யந்திரமே வேண்டும் என்ற ஆசையும் தேவையற்றது. நமது பட்டறைகளுக்கு வரும் தகடுகளும் பட்டைகளும் பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்கு உட்பட்டவை; அதற்கு 40 ஆம்பியர் போதும். அதன் மேல் 60 சதவீதம் என்று குறித்திருந்தால், பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷமே வெட்டலாம் என்று பொருள். எஞ்சிய நேரம் அது ஆற வேண்டும்.

எர்த் கிளிப்பைத் துருவும் வர்ணமும் சுரண்டிய இடத்தில் கவ்வச் செய்க. வெட்டும்போது பொறிகள் தகட்டின் அடியில், கை நகரும் திசைக்குச் சற்றுப் பின்சாய்ந்து விழ வேண்டும். மேல்நோக்கித் தெறித்தால் கை விரைகிறது. அடியில் கசடு தடித்து ஒட்டினால் மந்தமாகச் செல்கிறது. இந்த மின்வில்லின் வோல்டேஜ் சாதாரண வெல்டிங்கைவிட மிக அதிகம். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று வெட்டுவது உயிருக்கே ஆபத்து. கறுப்புக் கண்ணாடி அவசியம். துத்தநாகம் பூசிய தகட்டின் புகையைச் சுவாசிக்கலாகாது. மூடிய பீப்பாய், முன்பு எண்ணெய் இருந்த டிரம், இவற்றை யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுக.

தனியார் பட்டறைகள் இவ்வளவும் பார்த்தா நடக்கின்றன என்று காரியதரிசிகள் கேட்பதுண்டு. அங்கே முதலாளி யந்திரத்தின் அருகிலேயே நிற்கிறார். ஒலி மாறினால் அவர் காது அறியும். சங்கத்திலோ இன்று ஒருவர், நாளை மற்றொருவர். ஆகவே யார், எத்தனை மணி நேரம், எந்த அங்கத்தினருக்காக வெட்டினார், நாசில் எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு பதிவேடு இருந்தே தீர வேண்டும். வாடகை விகிதத்தையும் அதைக் கொண்டே நிர்ணயிக்கலாம். இப்போது வாய்க்கு வந்த தொகையை வசூலிக்கிறார்கள்.

இனி வரும் தீர்மானங்களில் காற்று உலர்த்தி, முறையான எர்த், உபரி நாசில்கள், இரு அங்கத்தினருக்குப் பயிற்சி ஆகிய நான்கிற்கும் தொகை ஒதுக்கியிருக்க வேண்டும். இல்லாதவற்றை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.