நெருப்புநரியும் என் 43 டேப்புகளும்

மக்கா, போன வாரம் எனக்கு ஒரு பெரிய இழப்பு. பர்ஸ் தொலையலை, போன் தொலையலை. 43 டேப் தொலைஞ்சு போச்சு. சிரிக்காதீங்க, மூணு மாச உழைப்பு!

கல்வராயன் மலையைப் பத்தி ஒரு தொடர் எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை. வெள்ளிமலை, மேகம் அருவி, கோமுகி அணை, ஜாகீர்தார் காலத்துக் கதைகள்னு தேடித்தேடி எல்லாத்தையும் நெருப்புநரியில திறந்தே வெச்சிருந்தேன். கள்ளக்குறிச்சியில மழைக்கு முன்னாடி காத்து அடிச்சாலே கரண்ட் போயிடும். அன்னிக்கும் போச்சு. லேப்டாப் பேட்டரி ஏற்கனவே செத்தது.

கரண்ட் வந்ததும் முதல்ல உட்கார்ந்தது அக்கா பையன். நெருப்புநரி பாவம், ஒழுங்காத்தான் 43 டேப்பையும் திருப்பிக் கொடுத்திருக்கு. பையன் "என்ன மாமா இவ்ளோ குப்பை"ன்னு மொத்தத்தையும் மூடிட்டு, பாட்டு கேட்டுட்டு, மூடி, திறந்து, மறுபடி மூடிட்டான். அப்புறம் நான் போய் 'முந்தைய அமர்வை மீட்டெடு'ன்னு அமுக்கினா வந்தது அவன் பாட்டு மட்டும்தான் :(

இந்த வசதி 2006ல ஃபயர்ஃபாக்ஸ் 2.0 கூடவே வந்தது. திறந்திருக்கிற டேப்களோட பட்டியலை 15 விநாடிக்கு ஒரு தடவை வட்டுல எழுதிக்கிட்டே இருக்கும். கரண்ட் போனாலும் தப்பிக்கிறது அதனாலதான். ஆனா புதுப் பட்டியல் எழுத எழுத பழசு அழியும். அதனால டேப் தொலைஞ்சா முதல் விதி: உலாவியை மூடி மூடித் திறக்காதீங்க. உடனே கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி அமுக்கிப் பாருங்க. குரோமுக்கும் இதே விசைதான். அதுல வரலைன்னா ஹிஸ்டரி.

நான் கடைசியா புரொஃபைல் கோப்புறைக்குள்ள இருக்கிற 'செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ்'ல கை வெச்சேன். நெருப்புநரி அப்டேட் ஆகும்போது ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கும். 'அப்கிரேட்'னு பேர் ஆரம்பிக்கும். அதை எடுத்துப் போட்டதுல 31 டேப் உயிரோட வந்துச்சு. மிச்சத்துல பாதியை ஹிஸ்டரியில புடிச்சேன்.

இதுல ஒரு உள்ளூர் சூட்சுமம்: 'கள்ளக்குறிச்சி மாவட்டம்'னு தேடினா பழைய பக்கங்கள் சிக்காது. நம்ம மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பர்லதான். அதுக்கு முன்னாடி விழுப்புரம், 1993க்கு முன்னாடி தென்னாற்காடு. அந்தப் பேர்கள்ல தேடினப்போதான் நாலு பக்கம் திரும்பக் கிடைச்சது.

இனிமேதான் விஷயமே. மீண்டு வந்த டேப்ல ரெண்டு '404' காட்டுச்சு. முகவரி இருக்கு, வீடு இல்லை! ஒண்ணு வேபேக் மெஷின்ல கிடைச்சது. இன்னொண்ணு, மலைக் கிராமங்களைப் பத்தி யாரோ ஒரு புண்ணியவான் பொறுமையா எழுதினது, எங்கேயும் இல்லை. அதை நான் முழுசாப் படிக்கக்கூட இல்லை. 'டேப்லதான் இருக்கே, அப்புறம் படிப்போம்'னு விட்டது.

நாற்பது டேப் திறக்கிறது வியாதின்னு சில நண்பர்கள் சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். சொந்தமா தேடிப் படிக்கிறவன் அப்படித்தான் படிப்பான். ஆனா டேப்பை அலமாரின்னு நம்பினதுதான் தப்பு. உலாவி மீட்டுக் கொடுக்கிறது விலாசத்தை. சரக்கு இன்னொருத்தர் வீட்டுல இருக்கு. 2009ல ஜியோசிட்டீஸை இழுத்து மூடினப்போ எத்தனை பேர் பக்கங்கள் போச்சுன்னு நமக்குத் தெரியாதா?

இப்போ ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி போட்டு எல்லா டேப்பையும்... அய்யோ இல்ல, அது திறக்கிறதுக்கு. கடைசி எழுத்து ஆங்கில வரிசையில நாலாவது! அதை அமுக்கினா எல்லாமே ஒரே புக்மார்க் கோப்புறையில. முக்கியமான பக்கமா இருந்தா கண்ட்ரோல்+எஸ், வேபேக்லயும் ஒரு பிரதி.

டிஸ்கி: அக்கா பையனுக்குத் தனி லாகின் போட்டாச்சு. தொடர் அடுத்த வாரம் கண்டிப்பா வரும், கரண்ட் இருந்தா :)