அதிர்ஷ்டமா? கணக்கா?

நமது நாட்டில் ஒருவன் சூதில் தோற்றால் "கிரகம் சரியில்லை" என்கின்றான். ஜெயித்தால் "யோகம் அடித்தது" என்கின்றான். தோல்விக்கும் வெற்றிக்கும் காரணம் பலகை விரித்தவனுடைய கணக்கில் இருக்கின்றது என்பதை மாத்திரம் அவன் நினைப்பதேயில்லை. நினைக்கும்படி அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததுமில்லை.

துறைமுகத்தை அண்டி வாழும் கல்மண்டபத்து மக்களுக்கு லங்கர் என்றால் நங்கூரம் என்று நாம் சொல்லத் தேவையில்லை. அந்த நங்கூரத்தின் பெயரால் வழங்குவதே லங்கர் கட்டை. கிரீடமும் நங்கூரமும் பொறித்த கட்டைகளை உருட்டி இங்கிலீஷ் கப்பற்காரர்கள் ஆடிய ஆட்டத்தின் இனம் அது. கட்டைகள் மூன்று, ஒவ்வொன்றிலும் ஆறு படங்கள். நீங்கள் பணம் வைத்த படம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு பங்கு லாபம், இரண்டில் விழுந்தால் இரண்டு பங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று பங்கு. "படம் ஆறு, கட்டை மூன்று, ஆகவே பாதிக்குப் பாதி நமக்குத்தான். இரட்டை விழுந்தால் மேலும் லாபம்" என்று ஆடுகிறவன் எண்ணுகின்றான். இந்த எண்ணத்தில்தான் கடைக்காரன் பிழைக்கின்றான்!

கணக்கைப் பாருங்கள். மூன்று கட்டைகளும் விழக்கூடிய விதங்கள் 6×6×6, அதாவது 216. அவற்றில் உங்கள் படம் ஒன்றிலும் விழாதவை 5×5×5, அதாவது 125. ஒரு கட்டையில் மட்டும் விழுபவை 75, இரண்டில் 15, மூன்றிலும் 1. தடவைக்கு ஒரு ரூபாய் வைத்து, இந்த 216 விதமும் ஒவ்வொரு முறை விழுந்ததாகக் கொண்டால், லாபம் 75-ம் 30-ம் 3-ம் சேர்ந்து 108 ரூபாய். நஷ்டமோ 125 ரூபாய். மீதி 17 ரூபாய் கடைக்காரன் மடியில். ஓர் இரவில் இது கூடலாம், குறையலாம். ஆட ஆட இந்த விகிதத்தையே நெருங்கும். இந்தப் பதினேழு ரூபாய்க்குத்தான் நம் மக்கள் சனி தோஷம் என்று பெயர் வைத்து, அதற்குப் பரிகாரம் செய்ய இன்னொருவனுக்கும் பணம் அழுகின்றார்கள்!

இக்கணக்கு ஒன்றும் தேவரகசியமல்ல. 1654-இல் பாஸ்கல், ஃபெர்மா என்னும் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சூதாட்டப் பங்கீட்டைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டதில் வளர்ந்த சாஸ்திரம் இது. நமது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலும் நிகழ்தகவு என்ற பெயரில் இருக்கின்றது. இருந்து என்ன பயன்? பையன் பரீட்சையில் விடை எழுதி மார்க்கு வாங்கிவிட்டு, மறுநாள் ராசிபலன் பார்க்கின்றான்.

ஆகவே நாம் சொல்லுவதாவது: பிள்ளைகளை ஆடுகிறவர்களாக வைக்காதீர்கள், கடைக்காரர்களாக ஆக்குங்கள். பணம் வேண்டாம், புளியங்கொட்டை போதும். தரை முழுதும் 5 சென்டிமீட்டர் கட்டங்கள் போடட்டும். 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள காசை வீசி, கோட்டில் படாமல் விழுந்தால் ஜெயம் என்று வைக்கட்டும். பார்ப்பவனுக்குப் பாதியாவது ஜெயிக்கும்போல் தோன்றும்; உண்மையில் நான்கில் ஒன்றுதான். ஏனெனில், காசின் நடுப்புள்ளி கட்டத்தின் மத்தியிலுள்ள கால் பங்கு இடத்தில் விழுந்தாலன்றிக் காசு கோட்டைத் தொட்டுவிடும். ஜெயித்தவனுக்கு மூன்று கொட்டை லாபம் கொடுத்தால் கடைக்கு லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. இரண்டு கொடுத்தால், சராசரி நான்கு வீச்சுக்கு ஒரு கொட்டை கடைக்கு. இதைப் பிள்ளையே முதலில் காகிதத்தில் கண்டு, பிறகு இருநூறு தடவை வீசி எழுதிப் பார்த்து, கடைசியில் "நூற்றுக்கு இருபத்தைந்து எனக்கு" என்று கடை வாசலில் பலகை எழுதி மாட்டட்டும். அப்படிப் பலகை மாட்டிய பிள்ளையிடம் பிறகு எந்த ஜோசியன் போய் அதிர்ஷ்டக் கல் விற்க முடியும் என்று கேட்கின்றோம்.

"குழந்தைகளுக்குச் சூது கற்பிப்பதா?" என்று ஆஸ்திகர்கள் பதறுவார்கள். சாமி முன்னால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, குழந்தையை விட்டே எடுக்கச் சொல்லுகிறவர்கள் இவர்கள்! இவர்களுடைய நளன் கதையையே எடுத்துக்கொள்ளுவோம். சூதில் நாட்டை இழந்த நளனைப் பிடித்திருந்த கலி எப்பொழுது விலகிற்று? இருதுபன்னன் தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணிச் சொல்லும் வித்தையைக் கற்றுக்கொடுத்த பிறகு. கதை கட்டியவனே எண்ணத் தெரிந்தவனைக் கலி பிடிக்காது என்று வைத்திருக்க, நம்மவர்கள் கணக்கை விட்டுவிட்டுத் திருநள்ளாற்றுக் குளத்தில் மூழ்கி எழுவதற்கு ரயில் ஏறுகின்றார்கள்!

நிற்க, சட்டம் போதாதா என்பார்கள். 1930 முதலே சூதாட்டச் சட்டம் இருக்கின்றது. அது இருக்கும்போதே 1968-இல் சர்க்காரே லாட்டரிச் சீட்டு விற்றது. 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. செல்போனில் பணம் வைத்து ஆடும் சூதைத் தடுக்க 2022-இல் தமிழ்நாட்டுச் சட்டசபையும், 2025-இல் பார்லிமெண்டும் சட்டம் நிறைவேற்றின. இவற்றை நாம் வரவேற்கின்றோம். அதில் கூலியை இழந்து, கடன்பட்டு, உயிரையே மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் ஒரு வாசலைச் சட்டம் அடைத்தால் மோசக்காரன் மறு வாசல் திறக்கின்றான். அவன் எந்த வாசலில் வந்தாலும், "உன் பங்கு எவ்வளவு?" என்று கேட்கக்கூடிய மூளைதான் நிரந்தரமான பூட்டு.

தோழர்களே! மீன் ஏலம் எடுப்பவன் பிள்ளைக்கும் மூட்டை தூக்குபவன் பிள்ளைக்கும் நாம் சேர்த்துவைக்கச் சொத்து இல்லை. இருக்கிற கூலியைப் பிறர் பறிக்காமல் காக்கும் கணக்கையாவது கொடுப்போம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு சுண்ணாம்புக் கட்டியும் ஒரு படி புளியங்கொட்டையும் எடுத்துக்கொண்டு தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். தலைவிதியை அழிக்க அவ்வளவு முதல் போதும்.