சாயம் போன ரீல்

குளுவாங் தூண்டில்காரர்களில் இரண்டு வகை. செம்புரோங் அணைக்கட்டில் தோமான் மீனுக்கு நாள் முழுக்கக் காத்துக் கிடப்பவர்கள் ஒரு வகை. கஹாங் தாண்டி, செம்பனைத் தோட்டப் பாதையில் வண்டியைக் குலுக்கிக்கொண்டு எண்டாவ் ரொம்பின் பக்கம் கெலா மீனைத் தேடிப் போகிறவர்கள் இன்னொரு வகை. இரு கூட்டத்துக்கும் புது ரீல்தான் பேச்சு. பழையதில் ஆசை வந்தால் பழைய இரும்புக் கடையைத்தான் கிளற வேண்டும்.

என்னிடம் இருப்பது அப்படிக் கிளறிக் கிடைத்தது. பிளை தூண்டில் ரீல். முத்திரை தேய்ந்துபோய், இங்கிலாந்தில் செய்தது என்ற எழுத்து மட்டும் பின்தட்டில் மிச்சம். ஏதோ ஒரு கித்தாத் தோட்டத்துத் துரையின் சாமானாக இருக்கலாம். இந்தியாவில் மஹ்சீர் பிடித்த வெள்ளைக்காரர்களுக்கு இங்குள்ள கெலா அந்நியமில்லை; இரண்டும் ஒரே குடும்பம். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இலேயே இந்திய மீன்களைத் தூண்டிலில் பிடிப்பது பற்றிப் புத்தகம் எழுதியவர்.

ரீலின் மேல் கறுஞ்சாம்பல் பூச்சு. விளிம்பெல்லாம் தேய்ந்து அலுமினியம் பளிச்சிடுகிறது. கம்பில் பூட்டும் பித்தளைக் காலில் வளையம் ஏறி இறங்கிய தடம். திருகாணித் தலைகளைச் சுற்றி மாவு தூவினதுபோல வெள்ளைப் பொடி.

"ஸ்ப்ரே அடிச்சா புதுசாயிடும் அண்ணே, அரை மணி நேர வேலைலா," என்றார் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தம்பி. வீட்டிலோ பித்தளையைக் கண்டதும் புளியை எடுத்து நீட்டினார்கள். குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே பித்தளையை ஒட்டியே அலுமினியம் இருக்கிறது. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை வைத்திருந்தால் சட்டியை அரிக்கும் என்பது அம்மா காலத்துப் பாடம்தானே.

மேலே இருப்பது என்ன பூச்சு என்று தெரியாமல் கை வைப்பதுதான் ஆபத்து. சில ரீல்களில் வெறும் பெயிண்ட். சிலவற்றில் அனோடைசிங். கடல் விமானங்களின் அலுமினியக் கலவைப் பாகங்களை உப்புக்காற்றிலிருந்து காப்பாற்ற 1923இல் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்த முறை அது. அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி, உலோகத்தின் மேல்தோலையே கெட்டியான ஆக்சைடாக மாற்றுவார்கள். பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான் கனம்தான். அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றி, சுடுநீரில் மூடுவார்கள். தேய்ந்த பிறகு புதிதாகப் போட வேண்டுமானால், பழைய தோலைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தெடுக்க வேண்டும். காஸ்டிக் சோடா தோலோடு நிற்காது. அடியில் உள்ள உலோகத்தையும் தின்னும். எழுத்துகள் மழுங்கும். இழை பிசகாமல் பொருந்திய சக்கரம் ஆட ஆரம்பிக்கும். பித்தளையையும் இரும்பையும் முன்கூட்டியே கழற்றியாக வேண்டும். ரிவெட் அடித்த ரீலில் அதற்கும் வழியில்லை.

துப்பாக்கிக்குக் கறுப்பேற்றும் மருந்தைத் தடவலாம் என்று சொல்வோர் உண்டு. அது இரும்புக்கு. அலுமினியத்துக்குத் தனி மருந்து விற்கிறார்கள்; தடவினால் செத்த கறுப்பாகப் படியும், பழைய பூச்சோடு சேராது, கைபட்டால் போய்விடும்.

பூச்சில் கை வைத்தால் விலையும் அடிபடும். நார்தம்பர்லாந்தின் ஆல்னிக் ஊரில் 1872இல் தொடங்கிய ஹார்டி கம்பெனியின் 'பெர்ஃபெக்ட்' ரீலைச் சேகரிப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய வருஷங்களில் வழக்கமான கறும்பூச்சு இல்லாமல் வெறும் உலோகமாக வந்த ஹார்டி ரீல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்பிட்ஃபயர்'. அதற்குத் தனி மவுசு. அதனால் சாதாரண ரீலைப் பாலிஷ் போட்டு ஸ்பிட்ஃபயர் என்று விற்கிற வேலையும் நடக்கிறது. பூச்சு தேய்ந்திருந்தால் விலை கொஞ்சம் குறையும். பாலிஷ் போட்டது தெரிந்தால் கேட்பதற்கே ஆள் இருக்காது.

விலை கிடக்கட்டும். தேய்ந்தது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. கவலை அந்த வெள்ளைப் பொடிதான். பித்தளைத் திருகாணியும் அலுமினியத் தட்டும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் ஓடும், அலுமினியம் அரிபடும். வியர்வை உப்பும் குளுவாங் மழையும் அதற்குப் போதும். வேலை முழுக்க அந்த இடத்தில்தான்.

திருகாணித் தலையின் பிளவுக்கு அச்சாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். சிறிய முனை கொண்டு திருகினால் தலை சிதைந்துவிடும். அசையாத திருகாணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் பார்க்கலாம், மல்லுக்கட்டக் கூடாது. கழற்றியதை வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரச் சோப்பும் பழைய டூத்பிரஷும் கொண்டு கழுவலாம். பிசினாக இறுகிய பழைய கிரீஸை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கலாம். வெள்ளைப் பொடியை மூங்கில் குச்சியால் சுரண்ட வேண்டும். இரும்புப் பஞ்சு ஆகவே ஆகாது. நன்றாகக் காய்ந்த பிறகு திருகாணியில் துளி கிரீஸ் தடவித்தான் பூட்ட வேண்டும்; ஈரம் உள்ளே போகாது. அச்சுக்கு மெல்லிய எண்ணெய், டிக் டிக் என்று சத்தம் போடும் பல்லுக்குக் கிரீஸ், வெளியே கண்ணுக்குத் தெரியாத அளவு மெழுகு. அவ்வளவுதான். தோல் உறையோடு கிடைத்தால் உறையைத் தனியாக வையுங்கள். நம் ஊர் ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

பட்டறைத் தம்பிக்கு இதில் திருப்தி இல்லை. "இத்தனை வேலை செஞ்சும் பழசாவே இருக்கே அண்ணே!" அவர் ஸ்ப்ரே ஆசை நியாயமானதுதான். அவரிடமே பாசாரில் மலிவாக வாங்கிய ரீல் ஒன்று சாயம் உரிந்து கிடக்கிறது. அதற்குத் தாராளமாக அடிக்கட்டும் என்றேன். ஒன்று மட்டும்: அலுமினியத்தில் பெயிண்ட் நேராகப் பிடிக்காது, முதலில் உலோகத்தைக் கவ்வும் எட்ச் பிரைமர் அடிக்க வேண்டும். அவருக்கா தெரியாது, தினமும் கார் கதவுக்கு அடிக்கிறவர். போன வாரம் யாரோ விட்டுப்போன சிவப்பு டின் அரைவாசி இருக்கிறதாம். பிரைமர் வாங்கத்தான் காசில்லையாம், என்னிடம் கேட்டிருக்கிறார்.