ஒரு 'லி' படுத்திய பாடு

ஒரு 'லி'யால் எனக்கு ஒரு இன்க்ரிமென்ட் போச்சு சார்.

1994. மேலமாசி வீதிப் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். அன்றைக்குப் பார்த்துக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. முகம் உர்ரென்று இருந்திருக்கிறது. மானேஜர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு மெமோ கொடுத்துவிட்டார். 'பல்வலி சார், பார்க்கத்தான் கோபமாத் தெரிஞ்சேன்' என்று இங்கிலீஷில் விளக்கம் எழுத வேண்டும். டிக்‌ஷனரியைப் புரட்டி எழுதினேன்: 'ஐ லுக்ட் ஆங்ரிலி அட் தி மானேஜர்...'

காப்பியைப் படித்த ஹெட்கிளார்க் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, மொறச்சேன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கியே!"

'லுக்ட் ஆங்ரி' என்றால் கோபமாகத் தெரிந்தேன். 'லுக்ட் ஆங்ரிலி' என்றால் முறைத்தேன். நாம் ஏன் வழுக்கி விழுகிறோம்? தமிழில் கோபமா இருக்கார், கோபமாத் தெரியறார், கோபமாப் பார்த்தார் எல்லாத்துக்கும் ஒரே 'கோபமா'தான். வெள்ளைக்காரன் 'லுக்' ஒன்றையே வைத்துக்கொண்டு பின்னால் வருகிற வாலை மாற்றுகிறான். 'மானேஜர் இஸ் ஆங்ரிலி' என்று லீவ் லெட்டரில் எழுதுகிற ஆசாமிகள் பிறப்பது இப்படித்தான். ஆள் எப்படி இருக்கிறார் என்பதற்கு 'லி' கூடாது. கத்தினார், ஃபைலை வீசினார், போனை வைத்தார் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

மதுரைக்காரர்களுக்குக் கண்ணகியை வைத்துச் சொன்னால் மறக்காது. வாயிற்காவலன் பாண்டியனிடம் போய், ஒற்றைச் சிலம்போடு ஒருத்தி நிற்கிறாள், கோபமாக இருக்கிறாள் போலும் என்கிறானே, அது ஆங்ரி. ('போலும்' போட்டுத்தான் சொல்கிறான். உஷாரான ஆள்!) அப்புறம் ஊரைக் கொளுத்தினாள் பாருங்கள், அது ஆங்ரிலி. இன்னொன்று: 'ஆங்கர்' என்ற சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு அர்த்தம் துக்கம். கண்ணகிக்கு இரண்டும் ஒன்றுதானே.

இன்க்ரிமென்ட் கட்டான அன்றைக்கு ஹெட்கிளார்க்தான் டீ வாங்கிக் கொடுத்தார். "நீ சரியான வெகுளிப்பா" என்றார். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வெகுளி என்று சொல்வது கோபத்தை. எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.